கூழுக்கு விழா, கமக்காரனுக்கு என்ன?

ஆடி மாதத்தில் யாழ்ப்பாண நகரில் நடைபெற்ற பாரம்பரிய உணவு விழா ஒன்றுக்கு நானும் அழைக்கப்பட்டிருந்தேன். பத்திரிகைக்காரனுக்கு இத்தகைய அழைப்புகள் அடிக்கடி வரும். முன்வரிசையில் ஒரு கதிரை, கையில் ஒரு கோப்பை கூழ், மறுநாள் பத்திரிகையில் நான்கு பத்திச் செய்தி என்பது அங்கு எழுதப்படாத உடன்படிக்கை. விழாவை நடத்தியவர்கள் யார் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. என்னுடையதும், இதை வாசிக்கும் உங்களில் பலருடையதும் ஆகும்.

மேடையில் பேசியவர்கள் எல்லோரும் ஒரே கருத்தையே வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். ஒடியற்கூழ் எமது அடையாளம், குரக்கன் பிட்டு எமது மருந்து, பனை எமது கற்பகதரு. கைதட்டல் பலமாக இருந்தது. என் பக்கத்தில் வேட்டியும் தோளில் துவாயுமாக ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். கோப்பாய்ப் பக்கத்துக் கமக்காரர். கூழுக்குப் போட்ட மரவள்ளிக் கிழங்கு அவருடைய தோட்டத்தில் இருந்து வந்ததாம். அதற்காகத்தான் அவரையும் அழைத்திருந்தார்கள். பேச்சுகள் முடியும் வேளையில் என் பக்கம் சரிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, இந்தக் கோப்பை ஒண்டின்ர காசுக்கு நான் எத்தினை கிலோ மரவள்ளி குடுக்க வேணும் எண்டு கணக்குப் பாத்தனீரோ?"

நான் கணக்குப் பார்க்கவில்லை. அன்றிரவு வீட்டுக்கு வந்து பார்த்தேன். அந்தக் கணக்கின் விளைவே இக்கட்டுரை.

முதலில், அன்று எமக்குப் பரிமாறப்பட்டவை எங்கிருந்து வந்தன என்பதைப் பார்ப்போம். ஒடியல் மா எங்கள் மண்ணுடையது. மீனும் நண்டும் எங்கள் கடலுடையவை. மரவள்ளி அந்த முதியவருடையது. ஆனால் கூழைச் சிவக்க வைத்த செத்தல் மிளகாய், இந்நாட்டுக்கு வரும் மிளகாயில் பெரும்பங்கைப் போல, இந்தியாவில் இருந்து கப்பலேறி வந்தது. இடியப்பம் அவித்தது கோதுமை மாவில். அந்தக் கோதுமையில் ஒரு மணிகூட இலங்கையில் விளைவதில்லை. பருப்புக் கறியின் மைசூர்ப் பருப்பு பெயரில் மட்டுமே மைசூர். அது கனடாவில் இருந்தோ அவுஸ்திரேலியாவில் இருந்தோ வருவது. எங்கள் உறவினர்கள் குடியேறிய நாடுகளே எங்கள் பருப்பையும் விளைவிக்கின்றன. இதற்குத்தான் நாம் பாரம்பரிய உணவு என்று பெயரிட்டுக் கைதட்டினோம்.

இறக்குமதி செய்த பொருளைத் தின்பது பாவம் என்று நான் சொல்லவரவில்லை. மிளகாயே ஒரு காலத்தில் போர்த்துக்கேயரோடு வந்து சேர்ந்ததுதான். மரவள்ளியும் தென்னமெரிக்கச் செடிதான். உணவு எங்கிருந்தும் வரலாம். இங்கே விளைவிக்கக்கூடிய ஒன்றை விளைவிக்க முடியாத நிலைக்கு விளைவிப்பவனைத் தள்ளிவிட்டு, அவனுடைய உணவுக்கு மட்டும் விழா எடுக்கிறோமே, அதுவே என் கேள்வி.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததன்று. 1942இல் பர்மா யப்பானியரிடம் வீழ்ந்தபோது இலங்கைக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசிக்கு ஈடாகக் கோதுமை மா வந்தது. போர் முடிந்தது, மா போகவில்லை. 1953இல் ஒரு கொத்து அரிசியின் பங்கீட்டு விலையை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தியபோது ஓகஸ்ட் 12ஆம் திகதி நாடே ஹர்த்தாலில் இறங்கியது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். அந்தப் பாடத்தை அதன் பின் வந்த எந்த அரசும் மறக்கவில்லை. நகரத்து மனிதனின் வயிறு மலிவாக நிரம்ப வேண்டும் என்பதே அந்தப் பாடம். அமெரிக்காவின் உதவிக் கோதுமை அதற்கு வாய்ப்பாக அமைந்தது. 1980இல் திருகோணமலை சீனக்குடாவில் பெரிய மாவு ஆலை இயங்கத் தொடங்கிய பின்னர், பாண் எங்கள் காலைச் சாப்பாட்டில் நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டது. குரக்கன் நோயாளிகளின் உணவாயிற்று. சாமையும் தினையும் வரகும் பெயர்களாயின.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு ஒரு பொற்காலம் வந்துபோனது. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை இறுக்கியது. வலிகாமத்துச் செம்மண்ணில் விளைந்த வெங்காயமும் மிளகாயும் கொழும்புக்கு லொறி லொறியாகப் போயின. என் தந்தையார் அக்காலத்தில்தான் எங்கள் ஓலை வீட்டை இடித்துக் கல்வீடு கட்டினார். விசுவமடு, முத்தையன்கட்டுப் படித்த வாலிபர் குடியேற்றத் திட்டங்களில் மிளகாய் நட்ட இளைஞர்களை மாப்பிள்ளையாக்க யாழ்ப்பாணத்தில் இருந்து தரகர்கள் வன்னிக்குப் போனதாக என் தாயார் சிரித்துச் சிரித்துச் சொல்வார். இந்த விடயத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டுகிறேன். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

அந்தப் பொற்காலத்தை நான் முழுமையாகப் போற்றத் தயாரில்லை. எங்கள் தோட்டங்களில் காசு கொழித்த அதே 1973, 1974ஆம் ஆண்டுகளில் மலையகத் தோட்டங்களில் தமிழர்கள் பட்டினியால் மடிந்தார்கள். எங்கள் மிளகாய்க்குக் கிடைத்த விலையும் அவர்களுடைய பட்டினியும் ஒரே கொள்கைகளின் காலத்தில் நிகழ்ந்தவை. யாழ்ப்பாணத்தவர்கள் 1970களை நினைத்துப் பெருமூச்சு விடும்போது இதை மறந்துவிடுகிறார்கள். இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். துலா மிதித்து இறைத்த கிணறுகளுக்கு நீர்ப்பம்பி வந்தபோது இறைப்புக்கு அளவில்லாமல் போயிற்று. பூவரசங் குழையும் பனையோலையும் தாழ்த்தி, ஆட்டுப்பட்டி அடைத்து உரமேற்றிய தறைகளில் யூரியா மூட்டைகள் இறங்கின. எங்கள் நிலத்தடி சுண்ணாம்புக் கல். மேலே போட்டது கீழே இறங்கத் தடையில்லை. குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை 1980களில் இருந்தே ஆய்வுகள் காட்டி வருகின்றன. ஆகவே, கொழும்புக்கு அனுப்பிய வெங்காயத்தின் விலையில் ஒரு பகுதியை எங்கள் கிணறுகள் கட்டின.

1977இல் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. அதன் பின் ஒரு மாலையில், சந்தைக்குக் கொண்டுபோன வெங்காயத்தில் பாதியைத் திருப்பிக் கொண்டுவந்து தலைவாசலில் கொட்டிவிட்டு என் தந்தையார் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு அவர் என்னைப் பார்த்துச் சொன்னது ஒரு வசனம்தான். "நீ படி. மண்வெட்டியைத் தொடாதை." நான் படித்தேன். மண்வெட்டியைத் தொடவில்லை. எங்கள் ஊரில் என் வயதுப் பையன்களில் பெரும்பாலானோருக்கு அவர்களுடைய தந்தைமார் சொன்னதும் இதுதான். அப்படிப் படித்தவர்களே இன்று கொழும்பிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் உணவு விழாக்களுக்குத் தலைமை தாங்குகிறார்கள்.

1990இல் போர் மீண்டும் மூண்டு பொருளாதாரத் தடை வந்தது. நான் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவன். உரம் வராது, மண்ணெண்ணெய் வராது, பற்றரி வராது, சீமெந்து வராது. ஜாம் போத்தலில் திரி போட்டு, சில சொட்டு மண்ணெண்ணெயில் விளக்கெரித்துப் பரீட்சைக்குப் படித்தோம். மா வந்தால் பாண், வராவிட்டால் ஒடியற் பிட்டு. எங்கள் விடுதிச் சமையற்கட்டில் குரக்கன் திரும்பி வந்தது அப்போதுதான். யூரியா இல்லாத காரணத்தால் வயோதிபக் கமக்காரர்களிடம் போய்க் குழை தாழ்ப்பது எப்படி என்று இளையவர்கள் கேட்டார்கள். சொல்லிக்கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். இன்று அப்படி ஒரு தடை வந்தால் சொல்லிக்கொடுக்க எத்தனை பேர் இருப்பார்கள்?

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது, எங்களைக் காப்பாற்றிய உணவைச் சில கிழமைகளுக்குள் கைவிட்டோம். தென்னிலங்கையில் இருந்து வந்த லொறிகளில் எல்லாம் மலிவாக இருந்தன. ஒடியல் மீண்டும் ஏழையின் உணவாயிற்று. பின்னர், ஏழையின் உணவு என்ற அந்தக் கூச்சத்தைத் துடைக்க விழா ஒன்று தேவைப்பட்டது. எங்கள் உணவு விழாக்களின் பிறப்பு வரலாறு இதுவே என்பது என் கருத்து.

அரசாங்கங்களின் பாரம்பரியப் பற்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடை செய்யப்பட்டது. நாடு முழுவதும் இயற்கை விவசாயத்துக்குத் திரும்புகிறது என்று சொன்னார்கள். எங்கள் எழுத்தாளர்களிலும் சிலர் மகிழ்ந்து எழுதினார்கள். சேதன உரம் எங்கிருந்து வரும், எந்த நெல்லினம் யூரியா இல்லாமல் விளையும், பழகிய மண் ஒரே போகத்தில் எப்படி மாறும் என்று கமக்காரர்களிடம் எவரும் கேட்கவில்லை. அந்த ஆண்டு நவம்பரில் தடை பெரும்பாலும் நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. 2022இல் டொலர் தீர்ந்து, பாண் விலை ஏறி, மண்ணெண்ணெய் வரிசையில் கமக்காரனும் கடற்றொழிலாளியும் நாள் முழுவதும் நின்றார்கள். இரசாயன உரத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. எங்கள் கிணறுகளே அதற்குச் சாட்சி. ஆனால், பழைய முறை என்பது பல ஆண்டுகள் மண்ணில் சேர்த்து வைக்கும் சேமிப்பு. அதை வர்த்தமானியில் அச்சிட முடியாது.

அரசைத் திட்டுவது சுலபம். அதை நான் முப்பது ஆண்டுகளாகச் செய்து சம்பளம் வாங்கியிருக்கிறேன். வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் ஒரு பகுதி 1990இல் இருந்து படையினரிடம் இருக்கிறது. பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டாலும் முழுவதும் இன்னும் உரியவர்களிடம் வரவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். ஆனால் எங்கள் கையில் உள்ள நிலத்தை நாங்கள் என்ன செய்தோம் என்ற கேள்விக்கு அது பதிலாகாது.

நான் பத்திரிகையில் சேர்ந்த புதிதில் எனக்குத் தரப்பட்ட வேலைகளில் ஒன்று திருமண விளம்பரங்களை ஒப்புநோக்குவது. பின்னர் உயர்ந்த பொறுப்புகளுக்கு வந்தபோதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும் பழக்கம் விடவில்லை. மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர், வெளிநாட்டில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர் என்று மணமகன்மாரைத் தேடும் விளம்பரங்களை ஆயிரக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். "கமம் செய்பவர் விரும்பத்தக்கது" என்ற ஒரு வரியை இந்த முப்பது ஆண்டுகளில் ஒரு முறையேனும் நான் கண்டதில்லை. குரக்கன் பிட்டு எமது அடையாளமாம். குரக்கன் விதைப்பவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோமாம்.

பனையின் கதை இதைவிட மோசமானது. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் பனையைப் பாடியதற்காக அவரைக் கொண்டாடுகிறோம். பனையில் ஏறியவரை எப்படி நடத்தினோம்? அவருடைய குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் எங்கே உட்கார வைத்தோம்? அவர் இறக்கிய கள்ளைக் குடித்தவர்கள் அவருக்கு எந்தப் பாத்திரத்தில் தண்ணீர் கொடுத்தார்கள்? எங்கள் ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் இதற்கு விடை தெரியும். 1970களில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்த பின்னர்தான் அத்தொழிலாளருக்கு ஒரு விலையும் ஒரு மரியாதையும் ஓரளவேனும் கிடைத்தன. அவர்களுடைய பிள்ளைகள் அத்தொழிலை விட்டுப் போனபோது, பாரம்பரியம் அழிகிறது என்று நாங்கள் அழுகிறோம். ஏறுவதற்கு ஆள் இல்லை என்று குறைப்படுவோரில் ஒருவரும் தம் மகனை ஏற விடப்போவதில்லை. ஒடியலின் கதையும் இதுதான். பாத்தி போட்டு, கிழங்கு கிண்டி, கிழித்து, வெயிலில் காயவைத்து, இடித்து மாவாக்கும் வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். விழா மேடையில் அவர்களில் ஒருவரையும் நான் காணவில்லை. பின்பக்கத்தில் பானை கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இனி, தரகர்கள் வன்னிக்குப் போன கதைக்கு வருகிறேன். மிளகாய் விற்ற இளைஞனுக்குப் பெண் கொடுக்க யாழ்ப்பாணம் தயாராக இருந்த சில ஆண்டுகள் உண்மையில் இருந்தன. எங்கள் பண்பாடு அந்தச் சில ஆண்டுகளில் மாறி, மீண்டும் பழையபடி ஆகிவிட்டதா? இல்லை. மாறியது விலை. கமத்தில் வருமானம் இருந்தபோது கமக்காரனுக்கு மதிப்பு இருந்தது. வருமானம் போனபோது மதிப்பும் போயிற்று. எனவே, "இளைய தலைமுறைக்கு மண்ணில் பற்றில்லை" என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: பற்றுக்கு எந்தக் கடையில் அரிசி தருகிறார்கள்? நட்டமாகும் என்று தெரிந்த தொழிலில் உங்கள் பிள்ளையை விடமாட்டீர்கள். அடுத்தவன் பிள்ளை மட்டும் பாரம்பரியத்துக்காகப் பட்டினி கிடக்க வேண்டுமா?

புலம்பெயர்ந்தோரின் பணம் இல்லாவிட்டால் யாழ்ப்பாணம் என்னவாகியிருக்கும் என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. போர்க்காலத்தில் அந்தப் பணமே பல அடுப்புகளை எரித்தது. அதற்கு நன்றி மறந்தவனாக நான் பேசவில்லை. ஆனால் அதே பணம் இன்று தோட்டக் காணியை ஒரு பரப்பு, இரண்டு பரப்பாகத் துண்டாடி வாங்குகிறது. அதில் வீடு எழும்புகிறது. ஆண்டில் மூன்று கிழமைகள் அதில் விளக்கெரிகிறது. வாங்காத இடங்களில் பழைய உரிமை இருக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில், காணி பற்றையாக. பக்கத்தில் சொந்தமாக ஒரு பரப்பும் இல்லாத குடும்பங்கள், பரம்பரையாக மற்றவர் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர்கள் கேட்டால் "ஒரு வருடத்துக்குச் செய்துகொள்" என்று வாய்ச்சொல்லாகக் கொடுப்பார்கள். எழுத்தில் கொடுக்க மாட்டார்கள், காணி போய்விடுமாம்.

என்னையும் இதில் விட்டுவிடவில்லை. என் தந்தையார் விட்டுச்சென்ற எட்டுப் பரப்புத் தோட்டம் என் பெயரில் இருக்கிறது. பதினைந்து ஆண்டுகளாக அதை ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். ஒவ்வொரு தையிலும் வாய்ச்சொல்தான். உணவு விழாவுக்குப் போய்வந்த வாரத்தில் அங்கு போனேன். மண் வெளிறிக் கிடந்தது. "குழை தாழ்க்கிறதில்லையோ?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஐயா, குழை தாழ்த்தால் பலன் மூண்டாம் வரியம்தான் வரும். அடுத்த வரியம் காணி என்னட்டை இருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. யூரியா எண்டால் இந்தப் போகத்திலையே தரும்."

எத்தனையோ ஆண்டுகளாக மண்ணின் வளத்தைப் பற்றி ஆசிரியத் தலையங்கங்கள் எழுதியவன் நான். என் சொந்த மண்ணுக்கு உரம் வராததற்குக் காரணம் என் வாய்ச்சொல் என்பது எனக்கு அதுவரை தெரியவில்லை.

ஆகவே, விழா நடத்துவோருக்கும் புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் நான் சொல்லக்கூடியது சிலதான். விழா நடத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. மரவள்ளி தந்தவருக்கும் ஒடியல் இடித்தவருக்கும் விழாவின் வருமானத்தில் என்ன பங்கு என்பதை வாசலில் எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டில் இருந்து பாடசாலைக்கும் கோயிலுக்கும் பணம் அனுப்புவோர், ஊரில் விளையும் குரக்கனையும் பயறையும் அறுவடைக்கு முன்னரே விலை பேசி வாங்கி, அந்தப் பாடசாலைப் பிள்ளைகளின் காலை உணவுக்குக் கொடுக்க ஒரு வழி செய்யுங்கள். கோபுரம் இன்னும் பத்தடி உயராவிட்டால் சுவாமி கோபிக்க மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, பற்றையாகக் கிடக்கும் உங்கள் காணியை, செய்யக்கூடிய ஒருவருக்கு, ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு, எழுத்தில் கொடுங்கள். காணி போய்விடாது. சட்டத்தரணி ஒருவரைக் கேட்டால் எப்படி எழுதுவது என்று சொல்வார்.

நான் கேட்டேன். கடந்த மாதம் நொத்தாரிசு முன்னிலையில் என் எட்டுப் பரப்புக்கும் ஐந்தாண்டுக் குத்தகை எழுதிக் கொடுத்தேன். ஒப்பமிட்ட பின் அவர் பத்திரத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அப்ப இந்த மாரிக்கு முதல் பூவரசங் குழை வெட்டலாம்" என்றார்.

கோப்பாய் முதியவரின் கேள்விக்கு விடை வேண்டுவோருக்கு: அன்றைய ஒரு கோப்பைக் கூழின் விலைக்கு அவர் ஏழு கிலோ மரவள்ளி கொடுத்திருக்க வேண்டும். அன்று நான் இரண்டு கோப்பை குடித்தேன்.